ஸ்பானியம் கற்பார் இடைவழியில் நிற்பதேன்?

அயல்மொழி கற்கப் புகுவோர் பலர். கரை காண்போர் சிலர். அவருட் பெரும்பாலார் தளர்ந்து நிற்பது தொடக்கத்திலன்று, இடைவழியிலேயாம். அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் கற்பிக்கப்படும் பிறமொழிகளுள் மிகுதியான மாணவரை உடையது ஸ்பானியம். அங்கு ஓராண்டு பயின்ற மாணவன் வினைத்திரிபுகளைத் தடையின்றி ஒப்புவிப்பான். உணவுச்சாலையில் வேண்டியதைக் கேட்டுப் பெறுவான். இரண்டாம் ஆண்டிலோ, விதிகள் யாவும் தெரிந்திருந்தும் வாய் திறவாது திகைக்கின்றான்.

இத்திகைப்பைப் போக்குதற்கென்றே 'உரையாடலும் பண்பாடும்' என்னும் இடைநிலை வகுப்பு ஏற்பட்டது. நோக்கம் நன்று. ஆயினும், அவ்வகுப்புக்கு நூல் எழுதுவோர் பலர் பண்பாட்டை விருந்தின் முடிவிற் பரிமாறும் பழமாகவே எண்ணுகின்றனர். ஒவ்வோர் அதிகாரத்தின் ஈற்றிலும் ஒரு வண்ணப் பக்கம்; ஓரிடத்திற் காளைப்போர், ஓரிடத்திற் பிளமெங்கோ ஆட்டம், பிறிதோரிடத்தில் மெக்சிக்கோவின் சோளரொட்டி. இலக்கணம் வேறு, பண்பாடு வேறு என்பது இவர்தம் கருத்துப் போலும். ஸ்பானிய இலக்கணமே அக்கருத்தைப் பொய்யாக்குகின்றது.

முன்னிலைச் சொற்களை நோக்குக. 'தூ' என்பது உரிமைக்கு, 'உஸ்தெத்' என்பது மரியாதைக்கு என்று கூறி முதலாண்டு நூல் அமைந்துவிடும். 'தங்கள் அருள்' என்னும் பொருள்படும் பழந்தொடர் தேய்ந்து 'உஸ்தெத்' ஆயிற்று. ஆனால், கொலம்பியாவின் சில பகுதிகளிற் கணவனும் மனைவியும், தாயும் பிள்ளையும் அன்போடு வழங்குவது இந்த 'உஸ்தெத்' தான். ஆர்ஜென்தீனாவில் 'தூ' வின் இடத்தை 'வோஸ்' பிடித்துக்கொண்டது. ஸ்பெயினிலோ மாணவர் ஆசிரியரைத் 'தூ' என்பது இன்று பெரிதும் இயல்பாகிவிட்டது. நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றையும் இடமறிந்து வழங்கும் யாழ்ப்பாணத்தவருக்கு இந்நுட்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 'நீர்' என்பதை யார் யாரிடம் சொல்லலாம், எப்போது சொன்னால் மனம் புண்படும் என்பதை எந்த வாய்பாடு கற்பிக்கும்?

இடைநிலை மாணவனை அச்சுறுத்தும் பெரும் பூதம் வேறொன்று உண்டு. நிகழ்ந்ததைச் சொல்லுதற்கு ஒரு வினைவடிவமும், விரும்புவதையும் ஐயுறுவதையும் மறுப்பதையும் சொல்லுதற்கு வேறொரு வடிவமும் ஸ்பானியத்தில் உள. 'அவர் வருவார் என நம்புகிறேன்' என்னுமிடத்தில் வருதல் இயல்பான வடிவம் பெறும். 'அவர் வருவார் என நான் நம்பவில்லை' என்றாலோ அவ்வினை உருமாறிவிடும். எனவே, இவ்வடிவம் கருத்து வேறுபாட்டிற் பிறப்பது. வானிலையையும் வார இறுதிப் பொழுதுபோக்கையும் பற்றியே பேச வைக்கும் வகுப்பில், மறுத்தற்கு ஏதுமில்லாதவிடத்து, அது நாவிற் பதிவது எங்ஙனம்?

இவ்வடிவத்தோடு 'ஒஹலா' என்றொரு சொல்லையும் மனனஞ் செய்விப்பர். 'அப்படி நடக்கக் கூடாதா' என்னும் ஏக்கத்தைக் குறிக்கும் அச்சொல், இறைவனின் நாட்டத்தைச் சுட்டும் அரபுத் தொடரொன்றின் வழிவந்தது. நம் முஸ்லிம் மக்கள் வாயில் நாளும் கேட்கும் 'இன்ஷா அல்லாஹ்' வுக்கு உறவு. 711 ஆம் ஆண்டு தொடங்கி 1492 இற் கிரனாடா வீழும்வரை நிலவிய முஸ்லிம் ஆட்சியின் சுவட்டை, கத்தோலிக்கப் பாட்டிமார் இன்றும் தம்மையறியாமலே உச்சரிக்கின்றனர். அதே 1492 இற் கொலம்பஸ் கடல் கடந்தார். காஸ்தீலிய மொழிக்கு இலக்கணம் கண்ட நெப்ரிஹா அந்நூலை அரசிக்குப் படைத்ததும் அவ்வாண்டிலேதான். மொழியும் பேரரசும் துணைபோவன என்பது அவர்தம் முகவுரையின் கருத்து. அந்தத் துணையினால் அந்தீஸ் மலைநாட்டின் கெச்சுவா மொழி பட்டதென்ன? 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட கத்தலானியரும் பாஸ்க் மக்களும் இதற்கு என்ன சொல்வர்? இவற்றை வகுப்பில் வைத்துப் பாருங்கள். 'நான் அவ்வாறு எண்ணவில்லை' என ஒரு மாணவனாயினும் எழுவான். எழுந்தால் அந்த வினைவடிவம் அவனுக்குத் தேவையாகும்.

வாயாற் சொல்வதெல்லாம் உரையாடலாகாது. 1957 இற் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிய அதிர்ச்சியில், 1958 இல் அமெரிக்கா சட்டம் இயற்றி மொழிக் கல்விக்குப் பணத்தை அள்ளி வழங்கிற்று. கல்லூரிதோறும் ஒலிக்கூடங்கள் பெருகின. மாணவர் காதிற் கருவியை மாட்டிக்கொண்டு நாடாவிற் கேட்டதைத் திருப்பிச் சொல்லினர். கிளிகளும் அது செய்யும். வெர்மொன்ற் மாநிலத்து மிடில்பெரிக் கல்லூரி 1917 இல் தொடங்கிய ஸ்பானியக் கோடைப்பள்ளியின் முறை இதனிலும் மேலானது. அங்கே, கற்கும் மொழியன்றி வேறு பேசேன் என மாணவர் உறுதிமொழி அளிக்கின்றனர். உண்ணும்போதும் பிணங்கும்போதும் ஸ்பானியமே.

இன்று இவ்வகுப்புகளுக்கே கேடு சூழ்ந்துள்ளது. 2016 க்கும் 2021 க்கும் இடையில் அமெரிக்க உயர்கல்வியிற் பிறமொழி கற்போர் தொகை நூற்றுக்கு 16.6 வீதம் வீழ்ந்தது. 2023 இல் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் தன் உலகமொழித் துறையையே கலைக்க முற்பட்டது. எதிர்ப்பின் பின்னர் ஸ்பானியத்திலும் சீனத்திலும் சில வகுப்புகளே எஞ்சின. மொழி பயிற்றுஞ் செயலிகள் அவ்விடத்தை நிரப்பலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. செயலி பொறுமை மிக்கது என்பதை மறுப்பாரில்லை. ஆனால், முதியவர் ஒருவரைத் 'தூ' என்று விளித்தால் அதன் முகம் சுருங்குவதில்லை. அச்சுருக்கத்தைக் கண்டவன் மறுமுறை பிழை செய்யான்.

இலக்கணத்தைக் கைவிடுக என்பதன்று எம் கருத்து. திருத்துவாரின்றிப் பேசும் மாணவனின் பிழைகள் கல்லாய் இறுகிவிடும். பேச்சை இடைமறியாது, முடிந்தபின் திருத்துக என்றே கூறுவோம்.

உண்டு முடித்த பின்னும் எழாது நெடுநேரம் அளவளாவியிருத்தலை ஸ்பானியர் 'சோப்ரேமேசா' என்பர். அதில் உள்ள 'மேசா' நம் மேசையே. போர்த்துக்கேயர் வழி நம்மிடம் வந்த பாணும் சப்பாத்தும் குசினியும் ஸ்பானியர் செவிக்கு அந்நியமாகா. இடைநிலை வகுப்பு அத்தகைய மேசையாக அமைதல் வேண்டுமெனில், அதனைச் சுற்றிப் பன்னிருவருக்கு மேல் அமரலாகாது. பரீட்சையிலும் பாதிப் புள்ளிகளையாவது, மாணவன் எதிர்பாராத வினாவொன்றுக்கு அவன் அளிக்கும் மறுமொழிக்கு ஒதுக்குதல் வேண்டும். செலவு மிகும் என்று நிர்வாகத்தார் கூறுவர். மிகத்தான் செய்யும்.