புள்ளி தெரியுதா எண்டு பாருங்கோ

பரீட்சைக் காலத்தில எந்த பட்ச் குரூப்பைத் திறந்தாலும் ஒரு வசனம் கிடக்கும்: "ஆராவது இதைச் சைஸ் குறைச்சுப் போடுங்கோ." நாற்பது பக்க ரியூட் ஒன்று நூறு எம்பியில வந்திருக்கும். டேட்டா முடியிற நிலையில இருக்கிறவருக்கு அது சின்னப் பிரச்சினை இல்லை. உடனே ஒருவர் ஏதோ ஒரு இணையத்தளத்தில் போட்டு நாலு எம்பியாக்கி அனுப்புவார். எல்லாரும் நன்றி சொல்லுவினம். அந்த நாலு எம்பியைத் திறந்து வாசிச்சுப் பார்க்கிற ஆள்தான் குறைவு.

கோப்பைச் சிறிதாக்கத்தான் வேணும், அதில எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதைக் கழிக்கிறோம் என்று தெரியாமல் கழித்தால், கடைசியில் கழிபடுவது எழுத்துத்தான்.

கணக்கைப் பாருங்கோ. ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் 2480க்கு 3508 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 87 இலட்சம் பிக்சல்கள். முழு வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு 24 பிற் தேவை. எந்தச் சுருக்கமும் செய்யாவிட்டால் ஒரு பக்கம் 26 எம்பி. அதே தாளை வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் பிக்சலுக்கு 1 பிற் போதும், பக்கம் 1.1 எம்பிக்குள் வந்துவிடும். அதற்கு மேலும் சுருக்கலாம். இவ்வளவுக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. தட்டச்சுச் செய்த ரியூட்டில் நிறத்துக்கு என்ன வேலை? தாளின் மஞ்சளையும் போட்டோகொப்பி மெசினின் நிழலையும்தான் நாங்கள் டேட்டா குடுத்து இறக்குகிறோம். படம், வரைபடம், பென்சில் குறிப்பு உள்ள பக்கங்களுக்கு மட்டும் சாம்பல் நிறமோ வண்ணமோ வைத்தால் போதும்.

ஆனால் நடப்பது தலைகீழ். பல சுருக்கும் தளங்கள் நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு பிக்சலைக் குறைக்கின்றன. பிறகு நிழற்படங்களுக்கென்று உருவான ஜேபெக் முறையில் எழுத்துகளை அழுத்துகின்றன. எழுத்தின் ஓரமெல்லாம் புகைபிடித்தமாதிரி ஆகிறது. அரை மில்லிமீற்றர் அளவான ஒரு புள்ளி 300 டிபிஐயில் ஏறக்குறைய 6 பிக்சல் அகலம் இருக்கும். 75 டிபிஐயில் அது ஒன்றரைப் பிக்சல். அந்தப் புகைக்குள் அது எங்கே நிற்கப்போகிறது?

தமிழில் புள்ளி அலங்காரம் இல்லை. 'பல்' புள்ளி இழந்தால் 'பல'. 'உள்' என்பது 'உள' ஆகும். 'என்' என்பது 'என' ஆகும். ஒரு வசனத்தில் இதையெல்லாம் ஊகித்து வாசிக்கலாம்தான். பழைய இலக்கியப் பாடத்தில், அறியாத சொல்லில், எதை வைத்து ஊகிக்கிறது?

இந்தத் தொல்லை எங்களுக்குப் புதிதும் இல்லை. ஓலை கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி குத்துவதில்லை. குறிலா நெடிலா, காலா ரகரமா என்பதும் பல ஏடுகளில் தெளிவாக இராது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தபோது இப்படியான ஏடுகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் புள்ளி வைத்து அச்சிட்டுத் தந்த எழுத்தை நாங்கள் ஒரு கிளிக்கில் திரும்பவும் ஏட்டு நிலைக்கு அனுப்புகிறோம்.

மங்கலான எழுத்தைவிட ஆபத்தானது தெளிவாகத் தெரியும் பிழை. 2013இல் ஜேர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் க்ரீசெல், செரொக்ஸ் மெசின்கள் சில ஸ்கான் செய்யும்போது எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர். ஸ்கான் பிரதியில் மூன்றுமே 14.13! காரணம் ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை. ஒன்றுபோலத் தெரியும் உருவங்களை ஒரே உருவமாகக் கருதி ஒன்றின் படத்தை மற்றதன் இடத்தில் ஒட்டிவிடும். எழுத்து மங்காததால் யாருக்கும் சந்தேகம் வராது. கோல்புறூக் சீர்திருத்தத்தின் 1833, ஒரு பிரதியில் 1838 ஆனால் எங்களில் எத்தனை பேர் கவனிப்போம்?

உண்மையில் மிகச் சிறிய கோப்பு ஸ்கான் செய்யாத கோப்புத்தான். யுனிகோட்டில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைற். இரண்டாயிரம் குறியீடுகள் உள்ள ஒரு பக்கம் வெறும் 6 கேபி. எழுத்துருவையும் சேர்த்தாலும் முழு ரியூட்டும் ஒரு எம்பியைத் தாண்டாது. அப்படியிருக்க, கணினியில் அடித்ததைப் பிரின்ட் எடுத்து, அதைப் போனால் படம் பிடித்து, பீடீஎஃப் ஆக்கி அனுப்பும் வழக்கம் ஏன்? வேர்ட்டிலிருந்து நேராகப் பீடீஎஃப் ஆகச் சேமித்தால் பெருப்பித்துப் பார்த்தாலும் எழுத்து உடையாது, தேடலாம், பிரதி பண்ணலாம். பாமினியில் அடித்தால் இதிலும் பாதி வீண். திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. கலைப்பீடங்களில் பார்வைக்குறைபாடுள்ள மாணவர்களும் எங்களோடு படிக்கினம். அவர்களுடைய திரைவாசிப்பான் படத்தையும் வாசிக்காது, பாமினியையும் வாசிக்காது. அவர்களுக்கு 'தரம்' என்பது புத்தகம் திறபடுமா இல்லையா என்ற கேள்வி.

ஆகவே இந்தப் பொறுப்பு கோப்பை இறக்குகிறவரிடம் இல்லை, முதலில் ஏற்றுகிறவரிடம்தான் இருக்கிறது. விரிவுரையாளரோ, பட்ச் பிரதிநிதியோ, நோட்ஸ் தரும் அக்காவோ ஒருவர் பத்து நிமிசம் செலவழித்தால் இருநூறு பேரின் டேட்டா மிஞ்சும். தட்டச்சுச் செய்ததை அப்படியே அனுப்புங்கோ. ஸ்கான்தான் வழி என்றால் 300 டிபிஐ கறுப்பு வெள்ளை. வட்ஸ்அப்பில் பக்கங்களைப் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கோ. அடையாள அட்டை, பெறுபேறு போன்றவற்றை முன்பின் தெரியாத தளங்களில் சுருக்கக் குடுக்காதேங்கோ. லிப்ரே ஒபிஸ் போன்ற இலவச மென்பொருளில் பீடீஎஃப் ஆக்கும்போதே படங்களின் பிக்சலைக் குறைக்கலாம். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதேங்கோ. சுருக்கினதையே அடுத்த பட்ச் திரும்பச் சுருக்கினால், நாலாவது வருசத்தில் கையில மிஞ்சுவது சாம்பல் நிறத் தாள்தான்.

அனுப்ப முன்னம் ஒரு சோதனை: கோப்பைப் போனில் திறந்து, ஆகச் சின்ன எழுத்துள்ள அடிக்குறிப்பைப் பெருப்பித்துப் பாருங்கோ. மெய்யெழுத்தின் புள்ளி தெரிந்தால் அனுப்பலாம். தெரியாவிட்டால் அது இன்னும் சுருங்கவில்லை, சிதைந்திருக்கிறது.