தலைக்கு மேலே ஒரு கேள்வி

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது வேலையில்லாத் திண்டாட்டம், சுற்றுச்சூழல், நாளைய பாரதம் என்று வழக்கமான தலைப்புகள்தான் வரிசையாக வந்து நின்றன. அதையெல்லாம் வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். ஆனால் நம் ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணாடி முன்னால் நின்று, செல்போன் டார்ச்சை அடித்துத் தலையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் யாரும் எழுதியதில்லை. அவர்களில் நானும் ஒருத்தன். ஆகவே நானே எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்!

எனக்கு வயசு இருபது. முதல் வருஷ ஹால் டிக்கெட் போட்டோவில் முடி நெற்றியில் விழுந்து கிடக்கும். இந்த வருஷப் போட்டோவில் நெற்றியின் இரண்டு ஓரமும் உள்ளே போய்விட்டது. உச்சியில் ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தோல் தெரிவதை சலூன்காரர்தான் முதலில் சொன்னார். பட்டறையில் என் பெயரே இப்போது 'சொட்டை'தான். குரூப் போட்டோ எடுத்த அன்று, "டேய் சொட்டை, பின்னாடி போடா, வெளிச்சம் திருப்பி அடிக்குது" என்று ஒருத்தன் கத்த, போட்டோகிராபர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேற என்ன செய்ய? அன்று சாயங்காலமே பஸ் ஏறி, முடி நட்டுத் தருகிற ஒரு கிளினிக்குக்குப் போய்விட்டேன்.

ஏ.சி. ரூம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். டாக்டர் என்று நினைத்து சார், சார் என்று பேசினேன். அவர் 'கவுன்சிலர்' என்பது பிறகுதான் தெரிந்தது. அதாவது விற்பனைப் பிரிவு ஆள். ஒரு சின்ன கேமராவை மண்டையில் வைத்துப் பார்த்தார். ஸ்கெட்ச் பேனாவால் என் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். "2,500 கிராஃப்ட் போதும் தம்பி. கிராஃப்டுக்கு 30 ரூபாய். மொத்தம் 75,000. இந்த மாசமே புக் பண்ணிட்டா ஒரு ஊசி இலவசம். தவணையும் உண்டு" என்றார். வயசைக் கேட்டு ஃபாரத்தில் எழுதினாரே தவிர, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவுக்கு எப்படி, தாய்மாமாவுக்கு எப்படி என்றும் கேட்கவில்லை.

75,000 ரூபாய் என்பது லேத் ஓட்டுகிற என் அப்பாவுக்கு மூன்று மாசச் சம்பளம். செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தில் 5,000 ரூபாயை அட்வான்ஸாகக் கட்டிவிட்டு வந்தேன். நெற்றிக் கோட்டை அழிக்காமல், பஸ் ஜன்னல் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தடுத்து நிறுத்தியது என் புத்திசாலித்தனம் அல்ல. என் பெரியம்மா மகனின் தலை.

அண்ணன் 22 வயதில் முடி நட்டுக்கொண்டவர். இப்போது 31. முதல் இரண்டு வருஷம் ஹீரோ மாதிரிதான் இருந்தார், நாங்களெல்லாம் பொறாமைப்பட்டோம். பிறகு நட்ட முடி நட்டபடியே நிற்க, அதற்குப் பின்னால் இருந்த அவருடைய சொந்த முடி ஒவ்வொரு வருஷமும் கழன்றுகொண்டே போனது. இன்றைக்கு முன்னால் ஒரு வேலி, நடுவில் பொட்டல், பின்னால் மறுபடி முடி. பின்னந்தலையில் தோலைப் பட்டையாக வெட்டி எடுத்ததால் காதிலிருந்து காதுவரை ஒரு கோடு. "மொட்டை போட்டுக்கலாம்னாகூட தழும்பு தெரியும்டா. செஞ்சது தப்பில்ல தம்பி, அவசரப்பட்டதுதான் தப்பு" என்றார். (இப்போது பெரும்பாலும் வேர் வேராகத்தான் எடுக்கிறார்கள். அதிலும் தழும்பு உண்டு; கோடாக இல்லாமல் புள்ளிப் புள்ளியாக இருக்கும்.)

ஏன் அப்படி ஆயிற்று என்று தேடிப் படித்தேன். டெஸ்டோஸ்டிரோன் உடம்புக்குள் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. முன்தலை வேர்களும் உச்சி வேர்களும் அதைத் தாங்காமல், முளைக்கிற ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து கடைசியில் பூனைமுடியாகி விடுகின்றன. பின்னந்தலை, காதோர வேர்களுக்கு இந்தப் பாதிப்பு அநேகமாக இல்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற டாக்டர் 1952-ல் தொடங்கிச் செய்து பார்த்து 1959-ல் எழுதியது இதைத்தான்: பின்னந்தலை வேரை வழுக்கையில் கொண்டுபோய் நட்டாலும் அது தன் குணத்தை விடாது. இன்றைக்கு நடக்கிற முடி நடவு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. அண்ணன் தலையில் இருக்கும் வேலிக்கும் இதுதான் காரணம். நட்டது போகாது, நடாதது நிற்காது.

இன்னொன்றும் உண்டு. முடி நடவு புதுசாக ஒரு முடியையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற சரக்கை இந்த ரேக்கிலிருந்து அந்த ரேக்குக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நாலு முடி வரை இருக்கும். சாதாரணமாக ஒருத்தர் தலையிலிருந்து ஆயுசுக்கும் சேர்த்துப் பத்திரமாக எடுக்க முடிவது ஏறக்குறைய ஐந்தாயிரம், ஆறாயிரம் கிராஃப்ட். அதில் 2,500-ஐ இருபது வயசிலேயே நெற்றிக்குக் கொடுத்துவிட்டால், நாற்பது வயசில் உச்சிக்கு எங்கே போவது? ஆண் வழுக்கையை ஹாமில்டன், நார்வுட் என்ற இரண்டு பேர் பெயரில் ஏழு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். நான் இப்போது மூன்றில் இருக்கிறேன். என் அப்பா ஆறு. தாய்மாமா கேட்கவே வேண்டாம், ஏழு! (தாய்மாமன் தலையைப் பார்த்தால் உன் தலை தெரியும் என்பார்கள். அம்மா வழிக்குப் பெரிய பங்கு உண்டு என்றாலும், அப்பா வழியும் சேர்ந்துதான் முடிவாகிறது.) நம் பட்டறையில் முதல் வாரமே சொல்லித் தருவார்களே, கூடுதலாகச் சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, மார்க்கிங் முடியாமல் அரத்தை எடுக்காதே என்று... என் தலையில் மார்க்கிங்கே இன்னும் முடியவில்லை.

பிறகு அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கித் தோல் டாக்டரைப் பார்த்தேன். பையில் காசு இல்லாவிட்டாலும் நீங்களும் போகலாம். அந்த அம்மா முதலில் கேட்டது, சமீபத்தில் டெங்கு, டைபாய்டு ஏதாவது வந்ததா என்று. பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாசம் கழித்துக் கொத்துக்கொத்தாக முடி கொட்டுவது உண்டாம். அது பெரும்பாலும் தானே திரும்பி வந்துவிடும். ஹாஸ்டல் போர் தண்ணி, ஹெல்மெட் என்று நாம் போடுகிற பழியைக் கேட்டுச் சிரித்தார். உப்புத் தண்ணியில் முடி முரடாகலாம், உடையலாம், ஆனால் ஆண் வழுக்கை அதனால் வராது. வெங்காயச் சாறு, மூலிகைத் தைலம் எதுவும் அதை நிறுத்தாது என்றும் சொன்னார். நான் அதுவரை எண்ணெய்க்குச் செலவழித்ததை அவரிடம் சொல்லவில்லை.

மருந்து இரண்டு உண்டு. மினாக்சிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர, 1988-ல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக அனுமதித்தார்கள். ஃபினாஸ்டிரைடு மாத்திரை இதற்காக அனுமதி பெற்றது 1997-ல். சிலருக்கு ஆண்மை சம்பந்தமான தொந்தரவோ மனச்சோர்வோ வரலாம், எனவே டாக்டர் சொல்லாமல் மெடிக்கலில் வாங்கி விழுங்கக் கூடாது. இரண்டையும் நிறுத்தினால் பலனும் சில மாசத்தில் போய்விடும். எனக்கு இப்போதைக்குத் தடவுகிற மருந்து மட்டும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் உன் தலை எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்போம். அப்புறமும் ஆசை இருந்தா செஞ்சுக்கோ, நானே நல்ல டாக்டரைச் சொல்றேன்" என்றார்.

நல்ல டாக்டர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் அதைத் தொடர்ந்து இறந்துபோனார். மருத்துவம் படித்தவருக்கே அந்த கதி. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தோல் மருத்துவமோ பிளாஸ்டிக் சர்ஜரியோ முறையாகப் படித்தவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்தோ ஓரிரு நாள் பயிற்சி முகாமிலோ கற்றுக்கொண்டு செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். மரத்துப்போக ஊசி போடுவது யார், வேரை எடுப்பது யார், நடுவது யார், ஏதாவது ஆனால் பக்கத்தில் இருப்பது யார்? இந்த நாலும் தெரியாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

அதற்காக, முடி நட்டுக்கொள்வதே வீண் ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் பக்கம் என்னைச் சேர்க்க வேண்டாம். "முடி போனா உயிரா போச்சு? ரஜினியைப் பாருடா" என்பார்கள். ரஜினி வழுக்கைத் தலையோடு மேடைக்கு வந்தது உச்சிக்குப் போன பிறகு. முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவனிடம், நாளைக்குப் பெண் பார்க்கப் போகிறவனிடம் அதைச் சொல்வது சுலபம். நெளிந்த பல்லுக்குக் கம்பி கட்டலாம், தலைக்கு மட்டும் தத்துவமா? எனக்கு ஆசை இருக்கிறது. இருபத்தைந்து வயதில், என் சம்பளத்தில், என் தலை எங்கே போய் நிற்கும் என்று ஓரளவு தெரிந்த பிறகு ஒருவேளை செய்துகொள்வேன். அப்போது ஆசை போயிருந்தால், ஒட்ட வெட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். அதுவரை, சொட்டை என்று கூப்பிடுகிற நண்பர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தேவலை.

கட்டிய 5,000 இன்னும் திரும்பி வரவில்லை. அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்களாம். போன் பண்ணினால் அதே கவுன்சிலர்தான் எடுக்கிறார். "எப்ப வர்றீங்க தம்பி, இந்த மாசமும் ஊசி இலவசம்தான்" என்கிறார். செமஸ்டர் ஃபீஸுக்கு அந்த ஐயாயிரத்தைக் கடன் கொடுத்தது, குரூப் போட்டோவில் என்னைப் பின்னாடி போகச் சொன்ன அதே நண்பன்தான்.