கல்லுக்கு ஏற்ற கருவி

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் என்று தெரிந்ததும் லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ தொலைபேசியில் வரும் முதற்கேள்வி, "அங்கே லேசர் இருக்கிறதா?" என்பதே. எந்தக் கருவி புதியது என்று கேட்பதைவிட, கல் எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, நோயாளி எத்தனை தடவை திரும்பி வரவேண்டும் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து.

1980 பெப்ரவரியில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட அதிர்வலைக் கருவி, உடலில் ஒரு கீறலும் போடாதது. ஆனால் கல்லை நொருக்குவதோடு அதன் வேலை முடிந்துவிடும். துகள்கள் தாமாகவே வெளியேற வேண்டும். 2 சென்ரிமீற்றரை மிஞ்சிய கல்லானால், அவை சிறுநீர்க்குழாயில் வரிசைகட்டி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. பலருக்கு இரண்டாம் தடவையும் தேவைப்படும். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகேறி வருபவருக்கு இது சிறிய விடயமன்று.

பெரிய கல்லுக்கு முதுகில் துளையிட்டுச் சிறுநீரகத்தினுள் நேரே செல்லும் முறையே பொருத்தம். பெரும்பாலும் ஒரே தடவையில் காரியம் முடியும். இரத்தப்போக்கே இதன் அபாயம். ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் அகலமாயிருந்த துளையைப் பாதியாகக் குறைத்த கருவிகள் இப்போது உள்ளன. இரத்த இழப்பு குறைகிறது, நேரம் கூடுகிறது.

லேசரோ சிறுநீர் வழியாகவே செல்லும் வளையும் குழாயினூடாகச் செயற்படுகிறது. வெளியே காயமில்லை. ஆயினும் உள்ளே பாய்ச்சும் நீரின் அழுத்தம் மிகுந்தால் கிருமிகள் இரத்தத்தில் கலந்து உயிருக்கே உலைவைக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் சிறுநீரில் கிருமி பார்ப்பது அதனாலேதான். நீரையும் துகளையும் ஒருங்கே உறிஞ்சியெடுக்கும் உறைக்குழாய்கள் அண்மையில் வந்துள்ளன. என்னைக் கேட்டால், புதுப்புது லேசர்களைவிட இதுவே பெரிய முன்னேற்றம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாய். சிகிச்சைக்குப் பின் சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காகப் பலருக்கு இதை உள்ளே வைத்து அனுப்புகிறார்கள். சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில், கழற்றியாக வேண்டும். வலி தீர்ந்ததும் மறந்துவிடுவோர் உலகெங்கும் உண்டு. மறந்த குழாயின்மீதே புதுக்கல் படியும்; சிறுநீரகமே பழுதாகும். எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இந்த மறதிக்கு ஒரு நிரல் இருப்பதில்லை.

ஊர் வைத்தியசாலைகளுக்குக் கருவி வாங்கித்தர விரும்பும் வெளிநாட்டு அன்பர்கள், குழாயுடன் வீடு சென்றவர்களைத் திகதி தவறாமல் அழைக்கும் ஓர் ஊழியரின் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.