எந்திரம் போடும் விபத்துக் கணக்கு! பிழைப்பவர் யார்? சாவது யார்?

ஒரே சாலை. இரண்டு மோதல்கள். ஒன்றில் கார் அப்பளமாக நொறுங்குகிறது. உள்ளே இருந்தவர் சிராய்ப்போடு எழுந்து வருகிறார். மற்றொன்றில் காருக்குச் சேதம் குறைவு. உள்ளே இருந்தவர் பிணமாகிறார். ஏன்?

"தலை எழுத்து" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இப்போது கம்ப்யூட்டர் இதற்குப் பதில் தேடுகிறது.

எந்திரத்துக்குள் ஒரு காடு

ஆயிரக்கணக்கான பழைய விபத்துகளின் விவரங்களை எந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். பகலா, இரவா? வளைவா, நேர் சாலையா? மோதியது லாரியா, மோட்டார் சைக்கிளா? ஹெல்மெட் இருந்ததா? முடிவு என்ன: மரணமா, பலத்த காயமா, லேசான காயமா?

எந்திரம் கேள்வி மேல் கேள்வி போட்டுப் பிரிக்கிறது. இரவா? ஆம். விளக்கு உண்டா? இல்லை. நின்ற லாரியின் பின்னால் மோதலா? ஆம். இப்படியே போனால் மரணம் என்ற கிளைக்கு வந்து சேரும். கிளை விடுவதால் இதற்கு 'முடிவு மரம்' என்று பெயர். ஒரு மரம் தவறலாம். ஆகவே நூற்றுக்கணக்கான மரங்களை வளர்த்து ஓட்டு எடுக்கிறார்கள்! அமெரிக்கப் பேராசிரியர் லியோ பிரைமன் 2001-ல் இந்த முறையை விளக்கி எழுதினார். 'ராண்டம் பாரஸ்ட்' என்று பெயர் வைத்தார். பாரஸ்ட் என்றால் காடுதான்.

99 மார்க் வாங்கும் சோம்பேறி

அமெரிக்காவில் 2021-ல் போலீசில் பதிவான விபத்துகள் சுமார் 61 லட்சம். அவற்றில் உயிர் போனவை 40 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 100-க்கு ஒன்றுகூட இல்லை. எல்லா விபத்துக்கும் "சாவு இல்லை" என்று ஒரு சோம்பேறி எந்திரம் சொன்னாலும் 99 மார்க் வாங்கிவிடும்! ஆனால் கண்டுபிடிக்க வேண்டியது அந்த மிச்சத்தைத்தானே?

நம் நாட்டுக் கணக்கு வேறு விதம். 2022-ல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தார்கள். 100 விபத்துக்கு 36 சாவு!

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? சிறு விபத்துகள் பல போலீஸ் நிலையத்துக்கு வருவதே இல்லை. சாலை ஓரத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். பிழைத்தவர் ஏன் பிழைத்தார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாததை எந்திரம் எப்படிப் படிக்கும்?

பழி யார் மேல்?

இன்னொரு கோளாறும் உண்டு. 2022-ல் இறந்தவர்களில் 100-க்கு 71 பேர் செத்ததற்குக் காரணம் "அதிவேகம்" என்று பதிவாகியிருக்கிறது. வேகம் கொல்லும், சந்தேகமே இல்லை. ஆனால் இருட்டான சந்திப்பு, உடைந்த தடுப்புச் சுவர், பின்விளக்கு எரியாமல் நின்ற லாரி, இவையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? எழுதுகிற கை "அதிவேகம்" என்றே எழுதினால் எந்திரமும் கிளிப்பிள்ளை போல அதையே சொல்லும். டிரைவர் மாட்டுவார். சாலை போட்டவர் தப்பிவிடுவார்!

இதைத் திருத்த ஒரு வழி வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துப் பதிவு முறை, 2021-ல் தமிழ்நாடு உள்பட 6 மாநிலங்களில் முதலில் தொடங்கியது. போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்திலேயே செல்போனில் விவரமும் படமும் ஏற்ற வேண்டும். சாலை என்ஜினீயரும் இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு.

ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு நெடுஞ்சாலையில் நிற்கும் போலீஸ்காரரை நினைத்துப் பாருங்கள். காயம்பட்டவரை ஆம்புலன்சில் ஏற்றுவாரா? வண்டிகளை ஒதுக்கி வழி விடுவாரா? செல்போனில் கேள்விகளுக்குப் பதில் எழுதுவாரா? அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போனால் குற்றம் அவருடையது அல்ல.

இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற ஆட்களை அரசு தனியாகப் போட வேண்டும். சுங்கச்சாவடியில் இரவு முழுவதும் விழித்திருந்து பணம் வசூலிக்க ஆள் கிடைக்கிறதே, அங்கேயே இவர்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம்.