மூணு ஊசி போட்டும் மறுபடி கொரோனாவா?

"மூணு ஊசி போட்டாச்சுங்க, இன்னும் என்னங்க கொரோனா?" பல்லடம் விசைத்தறிக் கூடத்தில் யாராவது இருமினால் இந்தப் பேச்சுதான். ஊசியோ தொற்றோ தந்த ஆன்டிபாடி சில மாதங்களில் குறையும். 2025-ல் தமிழகத்தில் தென்பட்ட என்.பி.1.8.1 போன்ற ஒமைக்ரான் வாரிசுகள் அதன் கண்ணில் மண்ணைத் தூவும். ஆனால் டி செல்லும் நினைவு பி செல்லும் வைரஸை ஆண்டுக்கணக்கில் மறக்காது. நோய் முற்றாமல் பெரும்பாலும் காப்பவை இவைதான்.

பிள்ளைகளுக்கு? 2021 ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய ஆய்வில், ஊசியே போடாத 6-9 வயதினரில் 57.2 சதவிகிதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. பள்ளி மூடிக்கிடந்த நேரத்திலேயே! கவலை, வைரஸையே பார்த்திராத கைக்குழந்தைக்கும் சர்க்கரை உள்ள அப்பத்தாவுக்கும்தான். தறியிலிருந்து இருமலோடு வந்தால், அவர்கள் பக்கத்தில் போகும் முன் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.