ஜீரோ நாளும் சித்தி வீடும்

நெடுந்தூரம் நடக்கிறவங்க வழியில சொந்தக்காரங்க வீட்ல தங்கி ஓய்வெடுக்கலாமா, கூடாதா? "இதெல்லாம் ஒரு பிரச்சினையாய்யா, போய் வேலையைப் பாரு"ன்னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. கொஞ்சம் பொறுங்க மக்களே. ரெண்டு வாரமா எங்க ஆபீஸ் மதியச் சாப்பாட்டு மேஜையில் இதுக்காக கட்சி பிரிஞ்சு சண்டை நடக்குது. என் கட்சி என்னன்னு இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்னுரை. அப்பலாச்சியன் ட்ரெயில் என்பது அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து, மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் மலையில் முடியும் ஒற்றையடிப் பாதை. 14 மாநிலம், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1921-ல் பெண்டன் மெக்கே என்பவர் இப்படி ஒரு பாதை வேணும்னு எழுதினார், 1937-ல் பாதை முழுமையானது. ஒரே மூச்சில் முழுசா நடக்க அஞ்சிலேர்ந்து ஏழு மாசம் ஆகும். கிளம்புறவங்கள்ல நாலில் ஒருத்தர்தான் முடிக்கிறாங்க.

இவங்க பாஷையில ஒரு கிலோமீட்டர்கூட முன்னே போகாத நாளுக்கு 'ஜீரோ' என்று பெயர். காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு மதியமே ஊருக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் 'நீரோ'. அதாவது கிட்டத்தட்ட ஜீரோ. ரோம் எரிஞ்சப்போ பிடில் வாசிச்சவர் இல்லை :-)

இப்போ கட்சிகள். எங்க டீமில் ஒரு வெள்ளைக்கார நண்பர், சொந்தமாக நிறைய நடப்பவர். "காட்டுக்குப் போனால் காட்டில் இரு, மெத்தையில் படுக்கணும்னா எதுக்குக் கிளம்பினே?" என்பது அவர் வாதம். இன்னொரு கட்சி நம்ம ஊர் ஆளுங்க. "பையன் வீட்டு வாசலுக்கே வந்துட்டான்ல, அப்படியே பிடிச்சு உட்கார வெச்சு புத்தி சொல்லி அனுப்பணும், அதுக்குத்தானே சொந்தம்?" என்கிறார்கள். ரெண்டுமே தப்பு என்பது என் தாழ்மையான கருத்து.

முதல் கட்சிக்குப் பதில் சுலபம். தினமும் 20 கிலோமீட்டர், முதுகில் 12, 13 கிலோ மூட்டை, ஏற்றம் இறக்கம், மழை. ஒரு நாளைக்கு 4,000 கலோரிக்கு மேல் எரிகிறது. மூட்டைக்குள் அவ்வளவு சாப்பாட்டைச் சுமக்கவே முடியாது. அதனால் உடம்பு தன்னையே தின்ன ஆரம்பிக்கும். தசைநார் வீங்கும், பாதம் பெருத்துப் போய் ஷூ அளவே மாறும். இதையெல்லாம் சரி பண்ண உடம்பு கேட்கிற ஒரே மருந்து ஓய்வு. நாமகூட சர்வரை வாரம் ஒரு தரம் மெயின்டனன்ஸுக்கு நிறுத்துகிறோம். அதை யாரும் 'சர்வர் தோத்துப் போச்சு' என்று சொல்வதில்லை. ஜீரோ நாளும் நடையில் ஒரு பகுதிதான்.

ஆனால் ஓய்வுக்கு விலை உண்டு. வடக்கே போகிறவர்கள் கட்டாடினை அக்டோபர் 15-க்குள் தொட வேண்டும் என்பார்கள், அதற்குப் பிறகு குளிர் வந்து மலை ஏற முடியாமல் போகலாம். ஆறு மாசம், 180 நாள் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு சராசரி 19 கிலோமீட்டர் சொச்சம். அதில் 30 ஜீரோ எடுத்தால் மீதி நாளெல்லாம் 23-க்கு மேல் நடந்தாகணும். எடுக்கிற ஒவ்வொரு ஜீரோவும் பின்னால் வரும் நாட்களின் தலையில் கடனாக உட்காருகிறது. கிட்டத்தட்ட வீட்டுக்கடன் மாதிரி.

ரெண்டாவது கட்சிதான் கஷ்டம். ஏன்னா அது அன்பிலிருந்து வருது.

என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருத்தங்க வடக்கு வர்ஜீனியாவில் இருக்காங்க. அவங்க வீட்டிலிருந்து ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குக் காரில் ஒரு மணி நேரம். பாதையின் நடு இடம் கணக்குப்படி இன்னும் வடக்கே பென்சில்வேனியாவில் இருந்தாலும், மனசளவில் பாதி தாண்டியாச்சு என்று எல்லாரும் கொண்டாடுவது ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில்தான். அந்த அக்காவோட அக்கா பையன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், காலேஜ் முடிச்சிட்டு வேலையில் சேருவதற்கு முன்னாடி நடக்கக் கிளம்பிட்டான். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி வந்ததும் சித்திக்கு போன், ரெண்டு ராத்திரி ஜாகை. சனிக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாங்க.

போனபோது ஷூவும் மூட்டையும் பால்கனியில் நாடு கடத்தப்பட்டிருந்தன. வாசனை அப்படி. பையன் குளிச்சிட்டு சித்தப்பாவோட வேட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தான், அவன் துணியெல்லாம் ரெண்டாவது தடவையா வாஷிங் மெஷினில் சுத்திக்கிட்டிருந்தது. பதினேழு இட்லிவரை எண்ணினேன். அப்புறம் எண்ணுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

நடுவுல கலிஃபோர்னியாவிலிருந்து அவன் அம்மா போன். அக்கா சமையலறைக்குள் போய்ப் பேசினாங்க, ஆனாலும் கேட்டது. "நீ சொன்னா கேப்பான்டி. கால் எல்லாம் புண்ணுன்னு சொல்றியே, அதையே சாக்கா வெச்சு அங்கயே நிறுத்து. டிக்கெட் நான் போடறேன்." இதுதான் சமாச்சாரம். தங்கச்சியிடம் அக்கா கேட்கும் உதவி. மறுத்தால் நாளைக்கு அவன் காலை உடைத்துக்கொண்டால் பழி சித்தி தலையில். ஒப்புக்கொண்டால், நம்பி வந்த பையனுக்குத் துரோகம்.

அவங்க சொன்ன பதில் இது: "அக்கா, அவன் என் வீட்டுக்கு ரெஸ்ட் எடுக்கத்தான் வந்தான், முடிவெடுக்க வரலை. புண்ணை டாக்டர்கிட்ட காட்டறேன். அவர் வேண்டாம்னா நிறுத்தறேன். சரின்னா திங்கக்கிழமை காலைல ஏத்தின இடத்துலயே கொண்டு விட்டுடுவேன்." மறுநாள் அர்ஜென்ட் கேர் டாக்டர் பார்த்தார். கொப்புளம்தான், மருந்து போட்டுக் கட்டிக்கொண்டு போகலாம் என்றார். திங்கள் காலை ஆபீஸுக்கு லீவ் போட்டுட்டு அக்கா கொண்டுபோய் விட்டாங்க. அவங்க அக்கா பத்து நாள் பேசவில்லை.

நம்ம மேஜையில் பாதிப்பேர் "இவங்க செஞ்சது தப்பு, சொந்த அக்கா பேச்சை மீறலாமா" என்கிறார்கள். நான் சொல்றேன், அவங்க செஞ்சதுதான் சரி.

ஏன்? எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. பதினோரு பிள்ளை பெற்றவர். 1955-ல், 67 வயசில், துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாதாரண கான்வாஸ் ஷூவோடு இந்தப் பாதை முழுக்கத் தனியாக நடந்தார். பிள்ளைகளிடம் சொன்னது "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்பது மட்டும்தான். எங்கே, எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை. முன்னாடி வருஷம் ஒரு தடவை முயற்சி பண்ணி, வழி தவறி, பாதியில் திரும்பியவர் வேற. சொல்லியிருந்தால் பதினோரு பேரும் சேர்ந்து தடுத்திருப்பாங்க என்றுதான் எனக்குப் படுகிறது. சொந்தக்காரங்க தடுப்பாங்கன்னு தெரிஞ்சா நடக்கறவங்க நடையை விடமாட்டாங்க, சொல்றதைத்தான் விடுவாங்க. அந்தப் பையன் இனி கால் வலித்தால் சித்திக்கு போன் பண்ணுவான். ஏமாத்திப் பிடிச்சு வெச்சிருந்தா பண்ணியிருப்பானா? யோசிங்க.

பழனிக்கு நடந்து போறவங்களுக்கு வழியெல்லாம் மோரும் சாப்பாடும் கொடுக்கிற ஊர் நம்மளுது. "எதுக்குய்யா பஸ் இருக்கும்போது நடக்கறே"ன்னு எந்தத் தண்ணிப்பந்தல்காரரும் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவருக்குக் காட்டும் அந்த நாகரிகத்தை அக்கா பையனுக்கும் காட்டலாமே.

ஆகவே என் தீர்ப்பு (நாட்டாமை சொம்பு எடுத்து வைக்கவும்):

1. வீட்டுக்காரர்கள்: வெந்நீர், சோறு, தூக்கம், வாஷிங் மெஷின். இந்த நாலும் கொடுங்க. உண்ணி கடிச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அந்தப் பக்கம் லைம் நோய் உண்டு.

2. "எப்போ நிறுத்தப் போறே" என்று கேட்காதீங்க. "எப்போ கொண்டு விடணும்" என்று கேளுங்க. சொன்ன நேரத்துக்குக் கொண்டு விடுங்க.

3. உண்மையிலேயே ஆபத்துன்னு பட்டா நேரா முகத்துக்கு நேரே சொல்லுங்க. சதி வேண்டாம்.

4. நடப்பவர்கள்: சித்தி வீடு ஹாஸ்டல் இல்லை. வருகிற நாளையும் போகிற நாளையும் முன்னாடியே சொல்லிடுங்க. அம்மாவுக்கு நீங்களே போன் பண்ணுங்க, அந்த பாரத்தைச் சித்தி தலையில் கட்டாதீங்க. பையன் அதைச் செய்யவில்லை என்பதில் எனக்கு அவன் மேல் வருத்தம் உண்டு.

இதை எழுதும்போது அவன் பென்சில்வேனியாவில் கூரான கற்களுக்குப் பேர் போன பகுதியில் தடுக்கித் தடுக்கி நடந்துகொண்டிருக்கிறான். நாலில் ஒருத்தனாக வருவானா, மூணு பேரில் ஒருத்தனாகத் திரும்புவானா தெரியாது. எதுவானாலும் அது அவன் கால் சொல்ல வேண்டிய முடிவு, சித்தி வீட்டு சோபா சொல்லக் கூடாது.

மாற்றுக் கருத்து உள்ள அம்மாக்களும் அம்மா கட்சிக்காரங்களும் பின்னூட்டத்தில் வந்து கும்மலாம். ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)