கோழி எரு: குப்பையா? உரமா?



நாமக்கல் என்றாலே முட்டைதான். சத்துணவில் முட்டை போட்டால் நமக்கெல்லாம் குஷி. ஆனால் கூண்டுக்கு அடியில் சேரும் எருவைப் பற்றி யாராவது யோசித்தோமா?

ஒரு முட்டைக்கோழி தினமும் சுமார் 100 கிராம் எச்சம் போடும். 10,000 கோழி இருந்தால் ஒரு நாளைக்கு 1 டன்! மழை பெய்தால் ஒரே நாற்றம். மதியம் ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் ஈ ஓட்டுகிறோம்.

"வயலில் கொட்டினால் போச்சு" என்பார்கள். எங்க அப்பா போன வருஷம் பச்சை எருவை மிளகாய்க்குப் போட்டார். செடியெல்லாம் கருகிப் போச்சு! அதில் தழைச்சத்து அதிகம். அம்மோனியா வேரைச் சுட்டுவிடும்.

இதற்கு வழி உண்டு. எருவோடு தென்னை நார்க்கழிவு கலந்து, ஈரம் பார்த்து, நீளக் குவியலாகப் போட்டு, இயந்திரத்தால் கிளறிவிட வேண்டும். நுண்ணுயிர்கள் வேலை செய்ய, உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். கிளறக் கிளற வெளியே இருப்பதும் உள்ளே போய் வேகும். நோய்க்கிருமி, ஈப்புழு, களைவிதை எல்லாம் சாகும். இரண்டு மூன்று மாதத்தில் நாற்றமில்லாத மட்கு உரம் ரெடி!

சின்னப் பண்ணைக்காரர் தனியாக இயந்திரம் வாங்க முடியாதுதான். பல பண்ணைகள் சேர்ந்து ஒரு பொது உரக்கூடம் அமைக்கலாமே! செலவாகும். ஆனால் உரம் விற்றால் காசும் வரும்.

முட்டை லாபம் பண்ணைக்கு, ஈ மட்டும் ஊருக்கு என்பது நியாயமா? சிந்திப்போம்!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி